நாவுல பஸ்ஸின் சிவப்பு

12.06.2008, வியாழன்

வெப்சைட்டின் முதல் பக்கத்துக்கு நிறங்களை இன்டர்நெட்டில் தேடாதீர்கள், ஊரில் தேடுங்கள் என்று டிசைன் வகுப்பு மிஸ் சொல்லியிருந்தார். எனக்கு மாத்தளையிலிருந்து நாவுல ஊருக்குப் போகும் பஸ்தான் ஞாபகம் வந்தது. அந்தச் சிவப்பும், அதன் மேல் ஓடும் மஞ்சள் பூக்கொடியும் வேறு எங்கே கிடைக்கும்?

இன்று மாத்தளை பஸ் ஸ்டாண்டில் நின்று, அந்த பஸ்ஸைப் பார்த்துப் பார்த்துக் கொப்பியில் என் பக்கத்தை வரைந்தேன். மேலே தலைப்புக்கு ஒரு நீளப் பெட்டி. கீழே படங்களுக்கு இரண்டிரண்டாக எட்டுப் பெட்டிகள். போன வாரம் பஸ்களில் குண்டு வெடித்ததிலிருந்து ஸ்டாண்டில் காவல் நிற்கும் ஒரு பொலிஸ்காரர் கொப்பியைப் பறித்தார். "இது பஸ்ஸுக்குள்ள இருக்கிற சீட்டுங்கதானே? எந்த சீட்டுல குண்டு வைக்கப் போற?" என்று சிங்களத்தில் கேட்டார். வெப்சைட் என்றேன். அடையாள அட்டையில் என் தமிழ்ப் பெயரைப் பார்த்த பிறகு அவர் காதில் எதுவும் ஏறவில்லை. தினமும் என்னை ஏற்றிவரும் கண்டக்டர் வந்து பேசிய பிறகுதான் விட்டார். அந்தத் தாளை மட்டும் கிழித்து வைத்துக்கொண்டார்.

அம்மாவோ, "ஒனக்கு வரையறதுக்கு வேற ஒண்ணுமே கெடைக்கலயா?" என்று என்னைத்தான் ஏசுகிறாள். நான் நிறம் பார்த்தேன். அவ்வளவுதான்.

அதைவிட ஆத்திரம் என் மேல்தான். என் பக்கத்தைக் கிழித்த அதே கை அடையாள அட்டையை நீட்டியபோது, "ரொம்ப நன்றி சேர்" என்று சொல்லிவிட்டேன். அதுவும் சிரித்துக்கொண்டே.