ஏழாம் எண்ணின் ரத்தம்

மார்ச் 4, செவ்வாய்

புது மருந்து தொடங்கி ஆறாவது வாரம். சோதனையில் பதினோரு பேர். எங்கள் ரத்தப் பரிசோதனைக்கூடத்துக்கு அவர்கள் வெறும் எண்கள். எல்லோருக்கும் ஒரே அரிய வகை ரத்தப் புற்று. வீட்டுக்காரரின் முகத்தைவிட ஏழாம் எண்ணின் ரத்தம் எனக்குப் பழக்கம். போன வாரம் வரை அவருடைய ரத்தம் தடவிய கண்ணாடி ஸ்லைடில் ஊதா நிறப் புற்றணுக்கள் மொய்த்துக் கிடந்தன. இன்று ஒன்றுகூட இல்லை. மூன்று முறை பார்த்தேன்.

மார்ச் 5

பெரிய டாக்டருக்கு வாயெல்லாம் பல். ஏழின் முடிவை நம்பி, 17ஆம் தேதி முதல் மற்ற பத்துப் பேருக்கும் டோஸைக் கூட்டுகிறாராம்.

மார்ச் 11, செவ்வாய்

மறுபடியும் சுத்தம். சந்தோஷப்பட வேண்டியதுதானே? ஆனாலும் மறுபடி லென்ஸில் கண்ணை வைத்தேன்.

மருந்து புற்றைத் துடைக்கலாம். ஆனால் ஏழாம் எண்ணின் சிவப்பணுக்கள் பிறவியிலேயே நீள்வட்டம். அவை எப்படி உருண்டையாகும்? பழைய ஸ்லைடைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ரத்தம் ஏற்றியதாகவும் பதிவில்லை.

இது வேறு யாரோ.

மார்ச் 12

வீடுகளுக்குப் போய் ரத்தம் எடுக்கும் நர்ஸிடம் விசாரித்தேன். இந்த மாதம்தான் வேலைக்கு வந்தவர். ஏழாம் எண்ணே கதவைத் திறந்தாராம்; பெயரைக் கேட்டதும் தலையாட்டினாராம், சொல்வதற்கு முன்பே கையை நீட்டினாராம். ஆனால் அடிக்கடி உள்ளறைப் பக்கமே திரும்பிப் பார்த்தாராம். அங்கே கசங்காத கட்டில் ஒன்று மட்டும்.

மார்ச் 13

விதிப்படி நான் நோயாளிகளிடம் பேசக்கூடாது. போன் போட்டுப் பேசினேன். பெயரைக் கேட்டேன், ஏழாம் எண்ணின் பெயரைத் தடுமாறாமல் சொன்னது ஒரு பெண் குரல். இது அவருடைய ரத்தம் இல்லையே என்றேன்.

"அக்கா போய் ரெண்டு வாரமாச்சு. அவ இன்னும் இருக்கான்னு எழுதுறது நீங்க மட்டும்தான்."

போனை வைத்த பிறகும் அந்தக் குரல் காதிலேயே இருக்கிறது. ஆனால் டோஸ் கூடப்போகிற பத்துப் பேர் இருக்கிறார்களே — டாக்டரிடம் எப்படிச் சொல்லாமல் இருப்பது?

மார்ச் 14

சொல்லிவிட்டேன். டோஸ் கூட்டுவது நின்றது. பதிவேட்டில் ஏழுக்கு நேரே கோடு போட்டது நான்தான்.

மார்ச் 19

இறப்புச் சான்றிதழோடு தங்கையே வந்தாள். திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அவள் கேட்டது வேறு.

"அவளப் பாக்கலாமா?"

பிப்ரவரி மாத ஸ்லைடை மைக்ரோஸ்கோப்பில் வைத்துக் கொடுத்தேன். கண்ணை எடுக்கவேயில்லை.

"ஊதாக் கலர்ல பூப்பூவா இருக்கே, அதெல்லாம் அக்காதானா? எவ்வளவு அழகா இருக்கு."

அவைதான் அவளைத் தின்றவை.

ஆமாம்மா என்றேன்.