இருபத்துநாலு அங்குல மெஷின்

1997 ஜூன் 11, புதன்

காலையிலிருந்து மழை. ஏழாம் நம்பர் மலையில் நான்கு மரம்தான் சாய்த்தோம். கிழட்டு றப்பர் மரம் வெட்டுகிறவனுக்கு மரத்தைவிட அதன் பால்தான் எதிரி. மெஷினின் அறுக்கிற செயினில் ஒட்டி, உருண்டு, செயின் சுற்றியோடுகிற இரும்புப் பட்டையான பாரின் பள்ளத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. மரத்துக்கு மரம் மெஷினை நிறுத்தி, கத்தி முனையால் நோண்டி எடுத்து, மறுபடி கயிற்றை இழுத்து ஸ்டார்ட் பண்ண வேண்டும். என் மெஷினுக்குப் பதினான்கு அங்குல பார். வீட்டுத் தோட்டத்தில் கிளை கழிப்பதற்கென்று எவனோ செய்தது. அடிமரத்தை ஒரு பக்கம் அறுத்து, சுற்றிப் போய் மறுபக்கம் அறுத்து, நடுவில் மிஞ்சுவதை இருளப்பண்ணன் கோடாலியால் முடிப்பார்.

"ராமசாமி, இது மரம் வெட்டுற மெஷினு இல்லய்யா, முடி வெட்டுற மெஷினு. பசார்ல ஒரு சலூன போட்டுக்க" என்றார் இன்றைக்கும். மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

அந்த மெஷினை என் சம்சாரம் விஜயகலா குவைத்திலிருந்து அனுப்பினாள். போன தீபாவளிக்குப் பெட்டியில் கம்பளிக்குள் சுற்றி வந்தது. பாவம், அவளுக்கு மெஷினைப் பற்றி என்ன தெரியும்? கடையில் பார்க்க அழகாக இருந்ததை எடுத்திருப்பாள்.

அவள் போய் ஒன்றரை வருஷம். "புள்ளகுட்டி இல்லாத வீட்டுல ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு என்னா செய்யிறது? ரெண்டு வருசம் போய்ட்டு வாறேன்" என்றாள். போகாதே என்று நான் சொல்லவில்லை. ஜனவரியில் அவளுடைய கொந்தராத்து, அந்த இரண்டு வருஷ ஒப்பந்தம், முடிகிறது.

ஜூன் 14, சனி

யட்டியாந்தோட்டையில் மக்கீன் முதலாளியின் மர மில்லுக்குப் போனேன். ஏழாம் நம்பர் மலையின் மரம் எல்லாம் அவருக்குத்தான் போகிறது. மூலையில் சாக்குப் போட்டு மூடி ஒன்று கிடந்தது. தூக்கிப் பார்த்தேன். ஜெர்மன் மெஷின். இருபத்துநாலு அங்குல பார். காடு வெட்டுகிறவர்கள் வைத்திருப்பது. பெயின்ட் போயிருக்கிறது, பிடியில் றப்பர் தேய்ந்திருக்கிறது. கையில் எடுத்ததும் தோள் பாரத்தைச் சொன்னது.

"நிவித்திகல பக்கம் ஒரு காட்டுக் கொந்தராத்துக்காரர்ட சாமான். அவருக்கு இப்ப முதுகு ஏலாது. மெஷின் நல்லா ஈக்கி. திங்கக்கிழமை வந்து ஓட்டிப் பாருங்களே" என்றார் முதலாளி.

நடந்தே லயத்து வீட்டுக்கு வந்தேன். வழி முழுக்க அதே நினைப்பு.

ஜூன் 16, திங்கள்

முதலாளி ஒரே இழுப்பில் ஸ்டார்ட் பண்ணிக் காட்டினார். நான் நிறுத்தச் சொல்லி சிலிண்டரில் கை வைத்தேன். சுட்டது. நான் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள். சூட்டில் எந்தக் கிழட்டு மெஷினும்தான் ஸ்டார்ட் ஆகும்.

"நாளைக்கு விடிய வாறேன் மொதலாளி. அதுவரைக்கும் ஆரும் தொடக்கூடாது."

"உங்கள ஏமாத்தி நான் என்ன மாளிகையா கட்டப் போறேன்?" என்று சிரித்தார். கோபம் இல்லை. பிடிபட்டுவிட்ட சிரிப்பு.

ஜூன் 17, செவ்வாய்

ஆறரைக்கே போய்விட்டேன். மெஷின் சில்லென்று இருந்தது. நான்காவது இழுப்பில் பிடித்தது. சைலன்சரைக் கழற்றி, டோர்ச் அடித்து, ஓட்டை வழியாக பிஸ்டனைப் பார்த்தேன். கீறல் ஒன்றும் இல்லை. பிளக் நிறம் சரி. செயின் சக்கரம் தேய்ந்திருக்கிறது, அது மாற்றிக்கொள்ளலாம். வெறுமனே ஓடவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டேன். மூச்சு ஒரே சீர்.

இப்படிச் சத்தத்தைக் கேட்டு மெஷினுக்கு நோய் சொல்கிற ஆள் இந்தத் தோட்டத்தில் நான் ஒருவன்தான். பெருமைக்காக எழுதவில்லை. சரி, பெருமைக்காகத்தான்.

ஜூன் 21, சனி

கணக்கு லேசானது. இந்த மெஷின் இருந்தால் ஏழாம் நம்பர் மலை முழுவதையும் நானே கொந்தராத்து எடுக்கலாம் என்று முதலாளி வாயாலேயே சொல்லிவிட்டார். கொந்தராத்து எடுத்தால் நாள்கூலி இல்லை, அதைவிடக் கூடுதல் காசு. அப்புறம் கலா எதற்கு ஊரான் வீட்டில் சட்டி கழுவ வேண்டும்? ஜனவரியில் வந்துவிடலாம். அவ்வளவுதான் என் திட்டம்.

யாரிடமும் சொல்லவில்லை. மெஷின் வாங்கிவிட்டேன் என்று கேள்விப்பட்டால் அவளுக்கே புரியும்.

ஜூன் 22, ஞாயிறு

பெரிய மெஷின் வாங்கக் கையில் இருந்தது போதவில்லை. சின்ன மெஷினையும் சேர்த்துக் கொடுத்தேன். கொடுப்பதற்கு முன் பெட்ரோல் போட்டுக் கழுவித் துடைத்தேன். புதுசு மாதிரி ஆகிவிட்டது. ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு ஆளுக்கு எதற்கு இரண்டு மெஷின்?

வரும் வழியில் பாலத்தடியில் பஸ்ஸை நிறுத்திச் சோதனைக்கு எல்லாரையும் இறக்கினார்கள். பொலிஸ்காரன் என் சாக்கைத் துவக்கு முனையால் தட்டி, "மே மொகத?" என்று சிங்களத்தில் இது என்னவென்று கேட்டான். "கஸ் கபன மெஷின் எக, மாத்தயா" என்றேன், மரம் வெட்டுகிற மெஷின்தான் என்று. அடையாள அட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். பிறகு ஸ்டார்ட் பண்ணிக் காட்டச் சொன்னான். நடுரோட்டில், மழைத் தூறலில், இரண்டாம் இழுப்பில் பிடித்தது. பொலிஸ்காரனே இரண்டு அடி பின்னால் போனான். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள்.

இதைச் சொல்லிச் சிரிக்க வீட்டில் ஆள் இல்லை.

ஜூன் 23, திங்கள்

பத்தொன்பது மரம். ஒரே பக்கமாக நுழைந்து மறுபக்கம் வெளியே வருகிறது. பால் ஒட்டுவதற்குள் மரம் விழுந்துவிடுகிறது. இருளப்பண்ணன் கோடாலியைக் கீழே வைத்துவிட்டு வெற்றிலை போட்டார். "இனி எனக்கு என்னா வேலை இருக்கு, சொல்லு" என்றார். கிளை கழிக்கிற வேலை இருக்கிறது என்றேன். தலையாட்டினார்.

ஜூலை 6, ஞாயிறு

ரொட்டி சுட்டேன். மூன்று சுட்டு இரண்டு தின்றேன். இன்னமும் கை மூன்றுதான் சுடுகிறது. ஒன்று அவள் பங்கு.

ஓகஸ்ட் 3, ஞாயிறு

மேல் டிவிஷன் அழகம்மா குவைத்திலிருந்து லீவில் வந்திருக்கிறாள். கலா கொடுத்துவிட்ட கேசட்டைக் கொண்டுவந்தாள். கேசட் வந்தது தெரிந்தால் லயமே கூடிவிடும், அது இங்கே வழக்கம். எல்லாருக்கும் அதில் ஒரு வார்த்தை இருக்கும். இருளப்பண்ணன் சம்சாரம், அடுத்த காம்பரா வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் வாசல் திண்ணையில், இஸ்தோப்பில், குந்திவிட்டார்கள். நடுவில் கேசட் ரேடியோ.

"என்னங்க, நான் கலா பேசுறேன்" என்றதும் பொடியன்கள் கைதட்டினார்கள். பேர் பேராக எல்லாரையும் விசாரித்தாள். கடைசியில்தான் என்னிடம் வந்தாள். "ஒங்களுக்கு ஒடம்பு எப்பிடி இருக்கு? தனியா சமாளிக்கிறீங்களா? கஷ்டமா இருந்தா சொல்லுங்க. மேடம் இப்பவே கேக்குறாங்க, திரும்ப ரெண்டு வருசம் இருக்கியான்னு. நான் இன்னும் பதில் சொல்லல."

எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் சத்தத்தைக் கூட்டுகிற பாவனையில் குனிந்துகொண்டேன்.

ஓகஸ்ட் 17, ஞாயிறு

அழகம்மா அடுத்த கிழமை திரும்பிப் போகிறாள். பதில் கேசட் பதிந்தோம். ஒரு பக்கம் முழுக்க லயத்து ஆட்களே பேசி முடித்துவிட்டார்கள். மறுபக்கம் என் முறை. சுற்றிப் பதினைந்து பேர். வா என்று எப்படிச் சொல்வது? பெண்டாட்டியை நினைத்து ஏங்குகிறான் என்று நாளைக்கு மலையில் பாட்டாகவே பாடுவார்கள்.

"கலா, எனக்கு இங்க ஒரு கொறையும் இல்ல. நல்லா இருக்கேன். நீ அனுப்புன சின்ன மெஷின குடுத்துட்டு பெரிய மெஷினு ஒண்ணு வாங்கிட்டேன். ஏழாம் நம்பர் மல இனி என் கொந்தராத்து. இந்தா, நீயே கேளு" என்று சொல்லி, இஸ்தோப்புக்கு வெளியே மெஷினைக் கொண்டுபோய் ஸ்டார்ட் பண்ணினேன். கட்டைத் துண்டு ஒன்றை அறுத்தும் காட்டினேன். பக்கம் முடியும்வரை ஓடவிட்டேன். பிள்ளைகளுக்கு ஒரே குதூகலம்.

இதைவிடத் தெளிவாக ஒருவன் எப்படிச் சொல்வான்?

செப்டம்பர் 9

கொந்தராத்து கையில் வந்தது. நல்ல வேலை. காது இரண்டும் சாயங்காலம்வரை இரைகிறது.

அக்டோபர் 10, வெள்ளி

ஆயுத பூஜை. மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், ஒரு செவ்வரத்தம் பூ. ஃபெக்டரியில் மெஷின்களுக்குக் காவல் சாமியான ரோதைமுனிக்குத் தேங்காய் உடைத்தார்கள், நானும் போய் ஒன்று உடைத்தேன். ஜனவரிக்கு அவள் வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். சாமியிடம் கூச்சமில்லாமல் கேட்க முடிகிறது.

சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். பாய் ஒன்று புதிதாக.

நவம்பர் 16, ஞாயிறு

தபாலில் கடிதம். கேசட் இல்லை, கடிதம்தான். பின்பக்கத்தில் எழுதாமல் ஒரே பக்கத்தில் முடித்திருக்கிறாள்.

"ஒங்க கேசட் கெடச்சுது. நல்லா இருக்கீங்கன்னு கேட்டு சந்தோசம். நான் அனுப்புனது ஒங்க வேலைக்கு ஒதவலன்னு எனக்குத் தெரியாது. அது வாங்க பெருநாளைக்கு மேடம் தந்த சங்கிலிய வேணாம்னு சொல்லி காசா வாங்குனேன். பரவாயில்ல. பெரிய மெஷினு ஒங்களுக்கு ராசியா இருக்கட்டும். அங்க ஒரு கொறையும் இல்லன்னு சொன்னதால இன்னும் ரெண்டு வருசத்துக்கு கையெழுத்து வச்சிட்டேன்."

நான்கு தரம் படித்தேன்.

கொறையில்லன்னு சொன்னா கொறையில்லன்னு அர்த்தமாடி? பதினோரு வருஷம் கூட இருந்தவளுக்கு இது தெரியாதா? எதுக்கு வாங்குனேன் அந்த மெஷின, நான் என்ன கண்காட்சியா வைக்கப் போறேன்?

நவம்பர் 17

வேலைக்குப் போகவில்லை.

நவம்பர் 18

கோபம் எல்லாம் போய்விட்டது. அது இருந்தபோது கொஞ்சம் துணையாக இருந்தது.

அவள் கேட்டாள். தனியாகச் சமாளிக்கிறீர்களா என்று நேராகவே கேட்டாள். சூடான சிலிண்டரைக் கை வைத்துக் கண்டுபிடிக்கத் தெரிந்த எனக்கு, மேடம் கேட்கிறாள் என்று அவள் ஏன் சொன்னாள் என்பது அன்றைக்குத் தெரியவில்லை. பதினைந்து பேருக்கு வெட்கப்பட்டு ஒரு மெஷினைப் பேசவிட்டேன்.

நவம்பர் 23, ஞாயிறு

ரேடியோவைச் சாக்கில் போட்டுக்கொண்டு ஏழாம் நம்பர் மலைக்குப் போனேன். லீவு நாள், யாரும் இல்லை. நடுப்பகல். வெட்டிய மரங்கள் நடுவில் உட்கார்ந்து பட்டனை அழுத்தினேன். முதல் பத்து நிமிஷம் இருமல்தான் பதிந்திருக்கும். அப்புறம் சொன்னேன். "கலா, எனக்கு முடியல. வந்துரு. மெஷினு நீ வாறதுக்காகத்தான் வாங்குனேன். ஒன் மெஷின குடுத்தது தப்பு." பிறகு அழுதேன். அதை அழிக்கவில்லை.

கேசட்டைப் பதிவுத் தபாலில் போட வேண்டும். நாளன்றைக்குப் போடலாம் என்று இருந்தால் மனம் மாறிவிடும். நாளைக்கே போடுகிறேன்.

1998 ஜனவரி 19, திங்கள்

அவள் போய் இன்றைக்குத்தான் இரண்டு வருஷம். பதினாறு மரம்.

பெப்ரவரி 22, ஞாயிறு

பதில் வந்தது. அழகம்மா அங்கிருந்து தன் வீட்டுக்கு அனுப்பிய தபாலுக்குள் வைத்து எனக்குத் தனியாக. இஸ்தோப்பில் பிரிக்கவில்லை, காம்பராவுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன்.

"ஒங்க கேசட்ட குளியலறையில தண்ணிய தொறந்து விட்டுட்டு கேட்டேன், மேடத்துக்குக் கேக்கக்கூடாதுன்னு. மூணு தரம் கேட்டேன். போன தடவ அனுப்புன கேசட்டுலயும் மெஷினு சத்தம் முழுசையும் கடைசி வரைக்கும் ஓடவிட்டுக் கேட்டேன். மெஷின நிறுத்திட்டு ஏதாவது சொல்லுவீங்க, அத விட்டுறக் கூடாதுன்னு. அரமணித்தியாலம். அதுக்கு அடுத்த நாளு மறுபடி ஓடவிட்டுப் பாத்தேன். அப்புறந்தான் கையெழுத்து வச்சேன். இப்ப பாஸ்போட் அவங்ககிட்ட. ரெண்டு வருசம் முடியாம விட மாட்டாங்க. ஒடம்ப பாத்துக்குங்க. காதுக்கு பஞ்சு வச்சுக்கிட்டு வேல செய்யுங்க."

பெப்ரவரி 24, செவ்வாய்

பதினேழு மரம். ஏழாம் நம்பர் மலை முடிந்துவிட்டது, அடுத்து ஒன்பதாம் நம்பர். காதுக்குப் பஞ்சு வைத்துக்கொண்டுதான் அறுத்தேன்.

தேத்தண்ணி நேரத்தில் இருளப்பண்ணன் பக்கத்தில் வந்து குந்தினார். நான் ஒரு காதிலிருந்து பஞ்சை எடுத்தேன்.

"தங்கச்சி எப்ப வருது?"

"ரெண்டாயிரத்துல."

"அம்மாடி. நீ வரச் சொல்லலயாய்யா?"

"சொன்னேன்" என்றேன். எப்போது சொன்னாய் என்று அவர் கேட்கவில்லை.