லைனில் கோளாறு இல்லை

மரியே வாழ்க

தூத்துக்குடி
8.8.2002

அன்புள்ள எமில்டா,

இங்கே எல்லோரும் சுகம். மாதா திருவிழா முடிந்து கொடி இறக்கியாகிவிட்டது. தெருவில் பந்தல் கம்புகளை இன்னும் பிடுங்கவில்லை. கிளாடிஸ் அக்கா உன் பெயரைச் சொல்லி மெழுகுவர்த்தி ஏற்றினாள். நான் பக்கத்தில் நின்றேன்.

உன் கடிதம் கிடைத்தது. டிசம்பரோடு ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருடம் மஸ்கட்டிலேயே இருக்கக் கேட்கிறார்கள். செப்டம்பர் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். உன் மனதில் இருப்பதை மெயிலில் விரிவாக எழுதுவதாகச் சொல்லியிருக்கிறாய். விடுதிப் போனில் பேசினால் பின்னால் நிற்கும் நர்சுகள் எல்லோருக்கும் கேட்கும். கடிதம் வந்து சேர இரண்டு வாரம். சரிதான்.

ஆனால் மெயில் பார்க்க வழியில்லை. நீ வாங்கி, உங்கள் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர்காரர் கிளைட்டன் விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்து கொடுத்த மோடம் அட்டை வேலை செய்யவில்லை. அவர் அட்டையைக் கொண்டுவந்தார், அதற்கான சிடியை மறந்துவிட்டார். இங்கே கடைக்காரர் தன்னிடமிருந்த ஒரு டிரைவர் புரோகிராமை ஏற்றிக் கொடுத்தார். டயல் செய்தால் டயல் டோன் இல்லை என்கிறது. ரிசீவரை எடுத்தால் டோன் கேட்கிறது.

லைன்தான் காரணம். கடல் காற்று. லைன்மேன் மாசானம் வந்து கம்பத்துப் பெட்டியைத் திறந்தான். செம்பெல்லாம் பச்சை பிடித்திருந்தது. சுரண்டிச் சுத்தம் செய்தான். "உப்புக்காத்துண்ணே, நம்ம பல்லையே தின்னுரும், கம்பிய விடுமா" என்றான். அப்படியும் இணைப்பு கிடைக்கவில்லை. மறுபடி புகார் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அக்கா சும்மா இருப்பாளா. "ஏலே, ரோட்டு முக்குல பிரவுசிங் சென்டர் இருக்குல்லா. அங்கன போயி அவ எழுதுனதப் படிச்சிட்டு வாயேன்" என்கிறாள். அங்கே பலகைத் தடுப்புக்கு மேல் எல்லாத் தலையும் தெரியும். என் மனைவி எனக்கு எழுதியதை நான் அங்கே உட்கார்ந்து படிக்க மாட்டேன்.

ஒப்பந்தம் பற்றி நான் முதலில் சொல்லப்போவதில்லை. நான் சொல்லி நீ வரக்கூடாது. உன் மனதை நான் படிக்க வேண்டும். பிறகு சொல்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். மோடம் சரியில்லை என்று உன்னிடம்தான் போனில் சொன்னேன். இரண்டு நிமிடப் பேச்சு. மறுநாளே நீ கூப்பிட்டு, கிளைட்டன் சிடி தருவதாகச் சொன்னார் என்றாய். அவருக்கு எப்படித் தெரிந்தது?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புக் கணவன்
பாஸ்கல்


தூத்துக்குடி
7.9.2002

எமில்டா,

உன் கடிதமும் சிடியும் வந்தன.

கடிதத்தின் தலையில் என் பெயர். அதற்குப் பிறகு கிளைட்டன். கிளைட்டன் சொன்னார், கிளைட்டன் கேட்கச் சொன்னார், கிளைட்டன் சிரித்தார். எதற்குச் சிரித்தார் என்று நீ எழுதவில்லை.

அவருடைய விளக்கத்தை நீ பிரதி எடுத்து எழுதியிருக்கிறாய். உன் கையெழுத்தில் அவர் வாக்கியங்கள். படித்தேன். இது முழு மோடம் இல்லை. அட்டையில் இருப்பது போன் லைனைப் பிடித்துக்கொள்ளும் பகுதி மட்டும். சத்தத்தை எண்ணாக்குவதும் எண்ணைச் சத்தமாக்குவதும் கம்ப்யூட்டரின் மூளை தன் வேலைகளுக்கு நடுவே செய்ய வேண்டியது. எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லித்தருவது டிரைவர். ஒரு சிப்புக்கு எழுதிய டிரைவர் இன்னொரு சிப்புக்குப் பொருந்தாது. மூளை வேறெதிலாவது மும்முரமாக இருந்தால் இணைப்பு அறுந்துவிடும். முழு மோடத்தைவிட விலை மலிவு.

கம்ப்யூட்டரில் சாதனங்களின் பட்டியலைத் திறந்தால் ஓரிடத்தில் மஞ்சள் கேள்விக்குறி இருக்கும் என்று எழுதச் சொல்லியிருக்கிறார். திறந்தேன். இருந்தது. மஸ்கட்டில் உட்கார்ந்துகொண்டு என் வீட்டு அறையில், என் பெட்டிக்குள், எது எங்கே நிற்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

நீ அதை அவரிடம் எங்கே உட்கார்ந்து கேட்டு எழுதினாய்? ஆஸ்பத்திரி கேன்டீனிலா? அவர் அறையில்தான் கம்ப்யூட்டர் இருக்கிறது என்று ஒருமுறை சொன்னாய். எனக்கு எழுதும் மெயிலையும் அங்கிருந்துதான் எழுதுகிறாயா? அவர் எழுந்து வெளியே போய்விடுவாரா?

சிடியின் மேல் பேனாவால் "பாஸ்கல் அண்ணனுக்கு" என்று இருக்கிறது. நல்ல கையெழுத்து. வட்டம் வட்டமாக. அலமாரியில் வைத்திருக்கிறேன். இன்னும் போடவில்லை. துறைமுகத்தில் வேலை நெருக்கடி. மரக்கப்பல் ஒன்று வந்திருக்கிறது. நாளெல்லாம் மூட்டை எண்ணிவிட்டு வந்து உட்கார முடியவில்லை.

மாசானம் மறுபடியும் வந்தான். ரிசீவரை என் காதில் வைத்து, "கேளுங்கண்ணே, டோன் சும்மா சங்கு மாதிரி கேக்கு. லைன்ல ஒரு கோளாறும் கிடையாது. ஒங்க பெட்டியப் பாருங்க" என்றான். அவனுக்கு என்ன தெரியும் என்றேன். அவன் முகம் சுருங்கிவிட்டது. அக்கா காப்பி கொடுத்து அனுப்பினாள்.

செப்டம்பர் முடிய இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் லைன் சரியாகும்.

பாஸ்கல்


மரியே வாழ்க

தூத்துக்குடி
6.10.2002
ஞாயிறு

எமில்டா,

இன்று உனக்கு மெயிலில் ஒரு வரி அனுப்பினேன். படித்துவிட்டேன் என்று. ஆங்கில எழுத்தில் தமிழை அதற்கு மேல் தட்ட வரவில்லை. மீதி இங்கே.

செவ்வாய்க்கிழமை நான் வேலைக்குப் போயிருந்தபோது நீ போன் செய்திருக்கிறாய். அக்கா சொன்னாள். "மெயில் பாக்கலயா மைனி அவுக, அப்படின்னு கேட்டா. இல்லளான்னேன். சரி மைனின்னுட்டு வச்சிட்டா. ஏலே, அவ குரலே சரியில்ல. ஒன் பவுச எல்லாம் கொண்டுபோயி கடல்ல போடு."

நாலு நாள் அலமாரியைப் பார்த்தபடி நடந்தேன். இன்று பூசை முடிந்து வந்ததும் சிடியைப் போட்டேன்.

கடைக்காரர் ஏற்றிய டிரைவரை நீக்கினேன். அட்டையைப் பிடுங்கி, அதன் சிப்பில் இருந்த எண்ணையும் சிடியில் இருந்த எண்ணையும் ஒப்பிட்டேன். ஒன்றேதான். புது டிரைவரை ஏற்றியதும் மஞ்சள் கேள்விக்குறி போய்விட்டது. டயல் டோனுக்குக் காத்திருக்கும் குறியை எடுத்துவிட்டேன். வேகத்தைக் குறைத்தேன். எல்லாம் கிளைட்டன் சொன்ன வரிசையில். ஒவ்வொன்றையும் செய்யும்போது தோற்றுவிட வேண்டும் என்று நினைத்தேன். தோற்கவில்லை.

மோடம் கத்தியது. அக்கா சமையலறையிலிருந்து ஓடிவந்து, "யாருலே போனுக்குள்ள அழுதா" என்றாள். பழக்கத்தில் ரிசீவரைத் தூக்கிவிட்டாள். அறுந்தது. திரும்ப டயல் செய்தேன். இந்த முறை இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு போன் பக்கத்திலேயே நின்றாள். கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினேன். உன் மெயில்கள் ஒவ்வொன்றாக இறங்கி முடியும்வரை மவுஸைக்கூடத் தொடவில்லை.

முதல் மெயில் ஆகஸ்ட் பத்தாம் தேதி. நீளமானது. இங்கே இருக்கப் பிடிக்கவில்லை, இரவு வார்டில் யாராவது தமிழில் முனகினால் அழுகை வருகிறது, டிசம்பரோடு வந்துவிட ஆசை என்று எழுதியிருந்தாய். ஆனால் நீங்கள் கூப்பிட வேண்டும், நானாக வந்து நின்றால் சம்பாத்தியத்தை விட்டுவிட்டு வந்துவிட்டாளே என்று உங்களுக்கு ஒருநாள் தோன்றிவிடும், வா என்று ஒரு வார்த்தை போதும், கையெழுத்துப் போட மாட்டேன் என்றும்.

அடுத்தது: படித்தீர்களா.

அதற்கடுத்ததும் அதுவே.

பிறகு ஒன்றில் நான் கூப்பிடவில்லை என்பதுதான் பதிலா என்று கேட்டிருந்தாய்.

கடைசி மெயில் செப்டம்பர் முப்பது. கையெழுத்துப் போட்டாயிற்று. இரண்டு வருடம்.

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். போனை விட்டு நகர்ந்து போனாள்.

உன் மெயில்களில் கிளைட்டன் இல்லை. தேடினேன். கூச்சமின்றித் தேடினேன். காகிதத்தில் எழுதிய கடிதங்களில்தான் அவர் நிறைந்திருந்தார். மெயில் எப்படியாவது என்னிடம் வந்து சேர வேண்டும் என்று அவர் சொன்னதையெல்லாம் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தாய். இது புரிந்த பிறகும் எனக்கு ஆறவில்லை. நீ எனக்கு எழுதியதை அவர் வந்து திறந்துவிட வேண்டியிருந்தது. அவருக்கு நன்றி எழுத வேண்டும். இந்த வாரம் முடியாது.

கடைசி மெயிலின் கடைசி வரியில் மட்டும் அவர் வருகிறார். டிசம்பரில் உனக்கு ஒரு மாத விடுப்பு உண்டு, வருவதா, இன்னொரு நர்சுக்கு விட்டுக்கொடுப்பதா என்று கேட்டிருக்கிறாய். வந்தால் திருவனந்தபுரம் விமானம், கிளைட்டனும் அதில்தான் வருகிறார், பெட்டி தூக்க உதவி என்று.

எமில்டா, வா. ஆகஸ்டில் கேட்டதற்கும் சேர்த்து எழுதுகிறேன், வா. விட்டுக்கொடுக்காதே. அந்த விமானத்திலேயே வா. மேகத்துக்கு மேல் அவரோடு என்ன பேசினாலும் பேசு. நான் கேட்க மாட்டேன். கேட்டாலும் பதில் சொல்லாதே.

கார் அமர்த்தி, விமானம் இறங்குவதற்கு முன்பே வந்து நிற்பேன். அவரையும் அவர் வீட்டில் இறக்கிவிடுவோம். பெட்டிகளை நான் தூக்குகிறேன். முன்னால் டிரைவர் பக்கத்தில் அவர் உட்காரட்டும். பின்னால் நீயும் நானும்.

மாதா உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். உன்னோடு வருகிறவரையும்.

உன்
பாஸ்கல்