சந்தனம் வைத்த லிஃப்ட்

நிலா, தென்முனைக் குடியிருப்பு, இரண்டாம் பணிமனை. எழுதுவது தையல்நாயகி. மெக்கானிக் மாசிலாமணி என் வீட்டுக்காரர். எடுத்தது, வைத்தது எல்லாம் எழுதுவது என் பொறுப்பு.

ஆயுத பூஜை, காலை 9:10
பூஜை நல்லபடியாக முடிந்தது. ஸ்கேனர், ஸ்பேனர்கள், லாரிக்கு முட்டுக்கொடுக்கும் இரும்பு ஸ்டாண்டுகள் எல்லாம் கூடத்தை ஒட்டிய, காற்றடைத்த கண்ணாடி அறையில் அம்மன் படத்தின் முன் இருக்கின்றன. லிஃப்டை நகர்த்த முடியாது. கூடத்தில் காற்று இருக்கும்போதே போய் அதன் இரண்டு தூண்களுக்கும் நிறையச் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தேன்.

11:40
தண்ணீர் லாரி வந்திருக்கிறது. பிரேக் பிடிக்கவில்லை. இன்று ஆயுதத்தைத் தொடக்கூடாது என்றேன். கட்டுப்பாட்டு மையத்திலிருந்து ரெஜினா வானொலியில்: "அக்கா, இருக்கறதே அந்த ஒரு லாரி. புள்ளைங்க தண்ணிக்கு நிக்குது. சாமி கோச்சுக்காது."
சரி, லிஃப்டும் ஸ்கேனரும் ஒரு ஸ்பேனர் பெட்டியும் மட்டும். ஸ்டாண்டுகளை நாளைக் காலை மறுபூஜை ஆனபிறகுதான் எடுக்கவேண்டும் என்றேன். ஸ்டாண்டு கொடுக்காமல் வண்டிக்கடியில் போகிறவர் இல்லை என் வீட்டுக்காரர். இன்று சிரித்தார்: "நிலாவுல லாரிக்கு ஆறுல ஒரு பங்குதான் எடை. மிச்சத்த உங்க அம்மன் தாங்கட்டும்."

12:25
லாரி நீளம், வாசல் கதவு மூடாது. கூடத்தில் காற்று இல்லை. லாரியை இடுப்பளவு தூக்கியாயிற்று. ஸ்கேனர் படிப்பது நானே புத்தகம் பார்த்துக் கற்றது. லிஃப்டை இறங்கவிடாமல் தூணில் பிடித்துக்கொள்ளும் லாக் இரண்டு. இடது லாக் பச்சை. வலது லாக் பச்சை. "ரெண்டும் விழுந்துடுச்சு, போங்க" என்றேன். விண்ணுடையோடு அடியில் போனார்.

12:50
லிஃப்டின் வலது ஆயில் ஓஸ் வெடித்தது. காற்றில்லாததால் சத்தமே இல்லை. லாரி அந்தப் பக்கம் சரிந்து பாதியில் நின்றது. அவர் தொடைமேல் அச்சு இருக்கிறது.
"தையலு, கால் மாட்டிக்கிச்சு. வலியெல்லாம் இல்ல."
வலித்தால்தான் அப்படிச் சொல்வார். ஸ்கேனரில் இன்னும் பச்சை.

1:05
தெரிந்துவிட்டது. லாக் விழுந்தால் அது தூணிலுள்ள சென்சார் கண்ணை மறைக்கும், பச்சை வரும். வலது கண்ணை மறைத்திருப்பது லாக் இல்லை, என் சந்தனம்.
ரெஜினா: "அப்ப துடைச்சிடுங்கக்கா. நான் இங்கேருந்து தூக்கறேன்."
வேண்டாம் என்றேன். ஓஸ் போனபிறகு இடது பக்கம் மட்டும் ஏறும், லாரி அவர்மேல் கவிழும். துடைத்தால் அதைவிட மோசம். லாக் இல்லை என்று தெரிந்தால் லிஃப்ட் தானாகத் தூணில் லாக் மாட்டும் அடுத்த பல்லுக்கு இறங்கும். மின்சாரத்தை நிறுத்தினாலும் இறங்கும். புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது. இப்போது அவரைப் பிழைக்க வைத்திருப்பது அந்தச் சந்தனம்தான்.
ரெஜினாவிடமிருந்து ஆள் வர மாலையாகும். அவர் உடையில் காற்று இரண்டு மணி வரைதான்.

1:20
விண்ணுடை போட்டுக்கொண்டேன். நான் இதைப் போடுவது இரண்டாவது தடவை. கையுறையோடு எழுத முடியாது, இனி சொல்வதை இயந்திரமே எழுதிக்கொள்ளும். பூஜையில் வைத்ததை எடுக்கிறேன். தாயே, கோபம் என்மேல் இருக்கட்டும்.

1:34
ஒரு ஸ்டாண்டு இடது பக்கம் வைத்தாயிற்று.
"நீ ஏன்டி வந்தே? வெளிய போ."
"பேசாம இருங்க. காத்து வீணாகுது."
வலது தூணுக்கு வந்துவிட்டேன். காற்றில்லாமல் சந்தனம் சுண்ணாம்பாய்க் காய்ந்து வெடித்திருக்கிறது. கையால் அமுக்கிப் பிடிக்கவும் பயம். தொட்டால் உதிரும்.

1:37
இரண்டாவது ஸ்டாண்டு அடியில் இருக்கிறது. லாரிக்கும் அதற்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. ஸ்டாண்டின் திருகாணியைச் சுற்றி ஏற்றவேண்டும். கையுறை வழுக்குகிறது. தூணிலிருந்து ஒரு சந்தனப் பொருக்கு உதிர்ந்தது. இங்கே எல்லாம் மெதுவாகத்தான் விழுகிறது, பார்த்துக்கொண்டே இருக்கலாம்.
சுற்றுகிறேன். அரை விரல்.
என் கையைப் பிடித்துத் தள்ளுகிறார். தள்ளாதீங்க. இன்னும் ஒரு சுற்று
ரெஜினா: "அக்கா, இங்க வலது லாக் சிவப்புன்னு காட்டுது. என்ன செஞ்சீங்க? அக்கா?"
நான் ஒன்றும் செய்யவில்லை. சுற்றுகி
இறங்