வெள்ளிக்கிழமைக் கஞ்சியும் நீ மேடையில் காட்டிய படமும்

பண்டத்தரிப்பு,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகன் நிருஷனுக்கு,

நானும் அப்பாவும் உடம்புக்குச் சுகமாகத்தான் இருக்கிறோம். நீயும் தாரிகாவும் அந்தக் குளிருக்குள் தடிமன், காய்ச்சல் என்று இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மனதுக்குச் சுகமோ என்று மட்டும் கேட்காதே. போன கிழமை நான் ஏசிய பிறகு நீ போனை எடுக்கிறாய் இல்லை. தாரிகாவுக்கு எடுத்தால் "அவர் வேலையிலை மாமி" என்கிறாள், பின்னால் உன் செருமல் கேட்கிறது. பெற்ற எனக்கு உன் செருமல் தெரியாதோ? பெரியப்பாவின் மகள் தயாளினி லீவு முடிந்து நாளைக்குக் கனடாவுக்கு வெளிக்கிடுகிறாள், அவளுடைய பெட்டியில் உனக்கு மிளகாய்த்தூளும் ஒடியல்மாவும் கொடுத்து அதற்குள் இந்தக் கடிதத்தையும் வைத்து விடுகிறேன். என் போனை எடுக்காதவன் மிளகாய்த்தூள் பையை அவிழ்க்காமல் விடமாட்டாய். அப்பா இந்த முறையும் வெங்காயம்தான் நட்டார், மழை பிந்திப் பெய்து பாதி அழுகிவிட்டது, மனுசன் மிச்சத்தைக் காயப் போட்டுக்கொண்டிருக்கிறார். வெங்காயம் போனால் போகட்டும், நான் எழுத வந்தது அதுவல்ல.

நீங்கள் பழைய மாணவர்கள் சேர்ந்து எங்கள் பள்ளிக்கூடத்தில் சுகாதார நிலையம் கட்டித் தந்தீர்கள். கட்டில் வந்தது, தராசு வந்தது, திரைச்சீலை வந்தது, சனம் மட்டும் வரவில்லை. அந்த அறைக்குள் ஒரு பிள்ளை நுழைந்தால் "உவளுக்கு என்ன நோயாம், என்ன வருத்தமாம்" என்று கேட்க ஒழுங்கை முழுக்க ஆள் இருக்கிறது, உனக்குத் தெரியாததல்ல. தாதி சிசிலியா மயிலிட்டியிலிருந்து பஸ் ஏறி வந்து வெறும் கதிரைகளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போவாள், பாவம். அப்போதுதான் நான் சொன்னேன், வெள்ளிக்கிழமைகளில் அந்த அறைக்குப் பக்கத்தில் இலைக்கஞ்சி காய்ச்சுவோம் என்று. பெரிய வகுப்புப் பிள்ளைகள் வீடு வீடாகப் போய் முல்லையும் முசுட்டையும் வல்லாரையும் ஆய்ந்து வருவார்கள், தாய்மார் தேங்காய் துருவுவோம், யாருக்காவது ஏதாவது கதைக்க இருந்தால் கையைக் கழுவிக்கொண்டு சிசிலியாவிடம் உள்ளே போவார்கள். கஞ்சிக்கு வந்தவள் யார், கதைக்க வந்தவள் யார் என்று ஒருவருக்கும் விளங்காது. ஆட்களைச் சேர்க்க நான்தான் படலை படலையாக ஏறி இறங்கினேன். "உள்ளுக்குக் கதைக்கிறது உள்ளுக்குத்தான் கிடக்கும், நான் பொறுப்பு" என்று ஒவ்வொரு தாய்க்கும் சொன்னேன். நான் சொன்னால் எங்கள் ஒழுங்கையில் நம்புவார்கள், நம்பினார்கள் என்றுதான் இனி எழுத வேண்டும்.

எங்கள் ஒழுங்கையில் இருக்கிற உன் சுபாஸ் அண்ணையின் மனுசி கேதீஸ்வரி எத்தனையோ வெள்ளிக்கிழமை தேங்காய் மட்டும் துருவிவிட்டுப் போனவள். ஒருநாள் துருவலைத் தள்ளி வைத்துவிட்டு உள்ளே போனாள், வரும்போது முகமெல்லாம் கண்ணீர். அவளுடைய மூத்த பிள்ளை கீர்த்திகாவுக்கு வலிப்பு வருகிறதாம், நூல் கட்டியும் வீட்டுக்குள் வைத்துப் பொத்தியும் பார்த்திருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குத் தனியப் போகப் பயம் என்று என்னைத்தான் துணைக்குக் கூப்பிட்டாள். அங்கே டொக்டர் தந்த குளிசையைத் தொடங்கிய பிறகு அந்தப் பிள்ளைக்கு வலிப்பு வரவேயில்லை, முகம் தெளிந்து படிப்பிலும் எழும்பிவிட்டது. கட்டாரில் வேலை செய்கிற சுபாஸுக்கு மட்டும் சொல்லவில்லை. "அவர் அங்கை தனியக் கிடந்து யோசிப்பார் அக்கா, லீவிலை வரேக்கை பக்கத்திலை இருத்திச் சொல்லுறன்" என்றாள். அது அவர்கள் வீட்டுக் காரியம், நான் வாயைத் திறக்கவில்லை.

உன்னிடம் திறந்தேன். "எங்கடை நிலையத்தாலை ஆருக்கும் பிரயோசனம் இருக்கோ அம்மா" என்று நீ கேட்ட நேரம் சந்தோசத்தில் சொல்லிவிட்டேன். சொன்ன கையோடு "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை தம்பி" என்றேன், நீ "ஓம் அம்மா, ஓம்" என்றாய். பிறகு கஞ்சி காய்ச்சுவதைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாய், வாசலில் பிள்ளைகள் கோப்பையோடு நிற்கிற படத்தை அனுப்பினேன். அந்தப் படத்திலிருந்து கீர்த்திகாவை மட்டும் வெட்டி எடுக்க உனக்கு எப்படியடா மனம் வந்தது? காசு சேர்க்க உங்கள் சங்கம் வைத்த இராச்சாப்பாட்டில் நீ கோட்டுப் போட்டு மேடையில் நிற்கிறாய், உனக்குப் பின்னால் சுவர் உயரத்துக்கு அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டு நிற்கிறாள், கீழே அவளுடைய வலிப்பு வருத்தத்தைப் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது, சாப்பிட வந்த சனம் கைதட்டுகிறது. அதை யாரோ பேஸ்புக்கில் போட, எங்கள் ஒழுங்கைக்கு வரமுதல் அது கட்டாருக்குப் போய்விட்டது.

சுபாஸ் தன் பிள்ளையின் வருத்தத்தைத் தன்னோடு அறையில் இருக்கிறவனின் போனில் பார்த்திருக்கிறான். கேதீஸ்வரிக்கு எடுத்து, தனக்கு ஒளித்துவிட்டு உலகத்துக்குச் சொல்லியிருக்கிறாய் என்று கத்தினானாம். என் பிள்ளைக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று சனத்துக்குக் காட்ட வேண்டும், இனி கிளினிக்கும் வேண்டாம், குளிசையும் வேண்டாம், அந்த அறைப் பக்கம் போகவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அன்று பின்னேரம் கேதீஸ்வரி எங்கள் வளவுக்குள் வந்தாள். இரு என்றேன், இருக்கவில்லை. "நான் உங்களை நம்பித்தான் அக்கா உள்ளுக்குப் போனனான்" என்று அது ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு அடித்திருந்தாலும் தாங்கியிருப்பேன். என் பிள்ளை என்று நம்பித்தானே நான் உன்னிடம் சொன்னேன், அதை அவளிடம் எந்த முகத்தோடு சொல்வது?

நீ போனில் சொன்ன நியாயம் இன்னும் காதுக்குள் நிற்கிறது. பிள்ளை பெரியபிள்ளையானால் சாமத்திய வீட்டுக்கு அவளுடைய படத்தைப் பெரிதாக அடித்து றோட்டில் கட்டுகிற சனத்துக்கு இதில் மட்டும் என்ன வெட்கம் என்று கேட்டாய். அதைத் தாய் தகப்பன் கட்டுகிறார்கள், பிள்ளை உடுத்து வெளிக்கிட்டு நின்று எடுத்த படம் அது. இது உன்னுடையதல்ல, என்னுடையதுமல்ல. அதற்குப் பிறகு, அந்த ஒரு படத்தால்தான் மண்டபம் உருகியது, இரண்டாவது கட்டடமும் வரப்போகிறது என்றாய். யாருக்கு வரப்போகிறது? போன வெள்ளி நானும் சிசிலியாவும் பெரிய வகுப்புப் பிள்ளைகளும் மட்டும்தான் அடுப்படியில் நின்றோம். ஒரு தாய் படலைக்கு வெளியே நின்று "உங்கடை மகனுக்கு எங்கடை பிள்ளையின்ரை கதையும் சொல்லிப்போட்டியளோ" என்று கேட்டுவிட்டுப் போனாள். காய்ச்சிய கஞ்சியை மாட்டுக்கு ஊற்றினோம்.

நேற்றுக் காலை கீர்த்திகா ரியூசன் கொப்பிகளோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள். என்னை ஏசத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன், ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். "பெரியம்மா, குளிசையை உங்கடை வீட்டிலை ஒளிச்சு வைச்சுத் தாங்கோ, நான் பள்ளிக்கூடம் போற வழியிலை வந்து குடிச்சிட்டுப் போறன்" என்றாள். குளிசையைச் சடாரென்று நிற்பாட்டினால் முந்தியதைவிட மோசமாக வரும் என்று சிசிலியா சொன்னதை அவள் மறக்கவில்லை, வலிப்பு வந்து விழுந்துவிடுவாளோ என்று கிணற்றடிக்குத் தனியப் போகவே பயமாக இருக்கிறதாம். நான் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு தாயிடம் போனேன், இன்னொருமுறை ஒளிப்புமறைப்புக்கு என்னால் ஏலாது. கேதீஸ்வரி அழுதாள், அவர் ஓம் என்று சொல்லாமல் கொடுக்கமாட்டேன் என்கிறாள். அங்கேயிருந்தே நான் சுபாஸுக்கு எடுத்தேன். மரியாதையாகத்தான் கதைத்தான். "உங்களோடை எனக்குக் கோபம் இல்லை அம்மா. ஆனால் படம் காட்டினவன் கதைக்கட்டும், பிறகு யோசிக்கிறன்" என்று வைத்துவிட்டான்.

ஆகவே இதை வாசித்து முடித்தவுடன் நீ சுபாஸுக்கு எடுக்க வேண்டும். எனக்கு எடுக்காதே, அவனுக்கு எடு. ரியூசனுக்கு உன்னைத் தன் சைக்கிள் பாரில் இருத்திக் கொண்டுபோனவன் அவன். சங்கம், கட்டடம், கூட்டம் என்று ஒன்றும் கதைக்காதே. நான் அம்மாவுக்குக் கொடுத்த வாக்கை மீறினேன், கேதீஸ்வரி அக்கா ஒருவருக்கும் சொல்லவில்லை, பிழை முழுக்க என்னுடையது என்று சொல். ஏசுவான், ஏசி முடியும்வரை போனைப் பிடித்துக்கொண்டிரு. அதற்குப் பிறகு பிள்ளைக்குக் குளிசை கொடுக்கச் சொல்லிக் கேள், கெஞ்ச வேண்டி வந்தால் கெஞ்சு. அந்தப் படத்தை எங்கெங்கே போட்டீர்களோ அங்கெல்லாம் எடுப்பிக்கவும் வேண்டும். நீ சொன்னாயா இல்லையா என்று நான் உன்னிடம் கேட்கமாட்டேன், கீர்த்திகாவின் முகத்தைப் பார்த்தால் எனக்குத் தெரியும்.

தாரிகாவுக்கு ஒடியல்மாவை வெறுமனே வைத்திருக்காமல் கூழ் காய்ச்சச் சொல். மிளகாய்த்தூளை ஈரக்கை படாமல் போத்தலில் போடுங்கள். இன்று காலை கோயிலில் அருச்சனைக்கு ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். நீ பிறந்த காலத்திலிருந்து நான் முதலில் சொல்வது உன் பெயரைத்தான். இன்று கீர்த்திகாவின் பெயரைச் சொன்னேன். அடுத்தது என்று ஐயர் கேட்க எனக்கு வாய் வரவில்லை. உன் பெயரை அப்பாதான் சொன்னார்.

அவர் சொன்னதற்காவது சுவாமி உன்னை நல்லபடி வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
குணலட்சுமி