சின்னம்மாவுக்கு ஒரு கோப்பைத் தேநீர்

லாசால், மொன்றியல்
5 மார்ச் 2006

அன்புள்ள றோசா அக்காவுக்கு,

நாங்கள் எல்லாரும் சுகம். பனிதான் இன்னும் போக மனமில்லாமல் வாசலில் கிடக்கிறது. டிசம்பரில் நத்தாருக்குப் போட்ட கடிதத்துக்குப் பதில் இல்லை. அடம்பனுக்குத் தபால் வருவதில்லை என்ற பழைய சாட்டை இந்த முறையும் சொல்லாதீர்கள்.

மகன் றொக்சனுக்கு ஆகஸ்டில் கல்யாணம். பெண் சீனப் பிள்ளை, பெயர் மெய்லின். இங்கே கோட்-டெ-நெய்ஜ் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் அவனோடு கூடப் படித்தவள். நான் சம்மதித்ததற்காக இவர் என்னோடு ஒரு கிழமை முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பிறகு அவள் வீட்டுக்கு வந்து மீன்தலையை முள்ளு முள்ளாய்ச் சூப்பிச் சாப்பிட்டதைப் பார்த்தார். இப்போது என்னைவிட அவருக்குத்தான் அவசரம்.

பிள்ளைக்குத் தகப்பன் இல்லை. தாயும் தாயின் தங்கையும் ஜூனில் சீனாவிலிருந்து வருகிறார்கள். சம்பந்திமாருக்கு என்ன கொடுப்பது என்று எழுதுங்கள்.

உங்கள் தங்கச்சி,
அக்னெஸ்


அடம்பன், மன்னார்
2 ஏப்ரல் 2006

என் தங்கச்சி அக்னெசுக்கு,

சாட்டு இல்லையடி, தபால் உண்மையிலேயே வருவதில்லை. பாதர் மன்னார் ரவுனுக்குப் போகும்போது எங்கள் கடிதங்களைக் கொண்டுபோய்ப் போடுகிறார்.

இதையும் நானா சொல்லித்தர வேண்டும்? தாய்க்கு ஒரு பட்டுச்சேலை. தங்கைக்கும் அதே தரத்தில் ஒன்று. சின்னம்மாவும் அம்மாதானே. குறைத்துக் கொடுத்தால் எங்களுக்கு முறை தெரியாது என்று நினைப்பார்கள். 'நீங்களும் இவளுக்குத் தாய்தான்' என்று வாயால் சொல்லிக் கொடு. நீ எதைக் கொடுத்தாலும் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு கொடுக்கிற ஆள், அதனால்தான் சொல்கிறேன்.

அன்புடன்,
றோசா அக்கா


லாசால்
18 ஜூன் 2006

அக்கா,

இதை எழுதக் கை ஓடவில்லை. நேற்று சம்பந்திமாருக்கு விருந்து வைத்தோம். தாய் சேலையை வாங்கிச் சிரித்தா. அடுத்து சின்னம்மாவுக்கு நீட்டி, நீங்கள் எழுதியபடியே எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். மெய்லின்தான் அதைச் சீனத்தில் எடுத்துச் சொன்னாள். அந்த மனுசி அப்படியே நிலத்தில் இருந்துவிட்டா. தமக்கையைப் பார்த்து ஏதோ கத்தினா. மெய்லின் அசையாமல் நின்று கேட்டாள். பிறகு அவள் றொக்சனிடம் ஏதோ சொல்ல, அவன் என்னிடம் திரும்பினான்.

"அம்மா, இந்தச் சின்னம்மாதானாம் மெய்லினைப் பெத்தவ."

சீனாவில் ஒரு வீட்டுக்கு ஒரு பிள்ளைதான் என்று சட்டமாம். அந்த மனுசிக்கு முதலே ஒரு மகன். புருசன் கட்சியில் பதவியில் இருந்தவர். இரண்டாவது பிள்ளை என்று தெரிந்தால் பதவியும் போகும், கட்சியும் தள்ளிவைக்கும். அதனால் தமக்கையின் ஊரில் ஒளிந்திருந்து பெற்று, பிள்ளையில்லாத தமக்கையின் பிள்ளை என்றே பதிந்துவிட்டுப் போயிருக்கிறா. மெய்லினுக்கு நேற்று வரைக்கும் தெரியாது. தமையனுக்கு இன்னும் தெரியாது. தமக்கை சொல்லி நாங்கள் அறிந்துகொண்டுதான் அப்படிச் சொன்னோம் என்று அந்த மனுசி நினைத்துவிட்டா.

நேற்றிலிருந்து மெய்லின் இரண்டு பேரோடும் கதைக்கிறாள் இல்லை. கல்யாணமும் வேண்டாம் என்கிறாள். றொக்சன் என் முகத்தையே பார்க்கிறான் இல்லை. இத்தனை வருசமும் பெற்ற பிள்ளை வளர்கிற வீட்டுக்கு விருந்தாளியாய் வந்து இனிப்புக் கொடுத்துவிட்டுப் போக ஒரு தாய்க்கு எப்படி அக்கா மனம் வரும்? எனக்கு அந்த மனுசியைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அக்னெஸ்


அடம்பன்
15 ஜூலை 2006

அக்னெஸ்,

கொழும்புக்குப் போகிற சிஸ்டரின் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். அதனால் மறைக்காமல் எழுதலாம்.

என் புத்திமதியால் வந்த வினை. ஆனால் அந்த மனுசியைத் திட்டாதே. அங்கே ஒன்றுக்கு மேல் வைத்திருக்காதே என்றார்கள். இங்கே இயக்கத்துக்கு வீட்டுக்கு ஒரு பிள்ளையைத் தா என்று கேட்டு வருகிறார்கள். என் மகள் ஜெயனி இப்போது கொழும்பில், கிறகரி மச்சானின் மகள் என்ற பெயரில் படிக்கிறாள். அடம்பன் பிள்ளை என்றால் அங்கே பொலிஸ் விடாது, இங்கே இருந்தால் இவர்கள் விடமாட்டார்கள். மச்சாளை 'அம்மா' என்றும் என்னைக் கண்டால் 'மாமி' என்றும் கூப்பிடச் சொல்லி நான்தான் பழக்கினேன். இனி என்னையும் உனக்குப் பார்க்கப் பிடிக்காதா?

மெய்லினிடம் போ. இரண்டு பேரையும் அம்மா என்று கூப்பிடலாம், எங்கள் முறையில் அது பிழையில்லை என்று சொல்லு.

றோசா


லாசால்
8 ஆகஸ்ட் 2006

என் அக்காவுக்கு,

உங்களைப் பார்க்கப் பிடிக்காதா என்று கேட்டீர்களே, அந்த இடத்தில் கடிதத்தை வைத்துவிட்டு அழுதேன். எனக்கு வாய் நீளம், மன்னித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொன்னதை மெய்லினிடம் சொன்னேன். கேட்டுவிட்டுப் போனாள். அடுத்த நாள் கல்யாணத்துக்குச் சம்மதம் என்றாள். சனிக்கிழமை நடந்தது.

மாதா கோவிலில் பூசை முடிந்து மண்டபத்தில் அவர்களுடைய சீனச் சடங்கு. மாப்பிள்ளையும் பெண்ணும் முழங்காலில் நின்று பெரியவர்களுக்குத் தேநீர் நீட்டவேண்டும். உறவுமுறை சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் பெரியவர்கள் கோப்பையை வாங்குவார்கள். மெய்லின் வளர்த்தவவை 'அம்மா' என்றாள். அவ அழுதழுது குடித்தா. பிறகு பெற்றவவுக்கு முன்னால் போய் இருந்து, எல்லாருக்கும் கேட்கும்படி 'அம்மா' என்றாள்.

அந்த மனுசி கோப்பையை வாங்கவில்லை, அக்கா. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு இருந்தா. மெய்லின் திரும்பவும் கூப்பிட்டாள். திரும்பவும் அப்படியே இருந்தா. கடைசியில் மெய்லின் தலையைக் குனிந்துகொண்டு 'சின்னம்மா' என்றாள். உடனே வாங்கி ஒரே மூச்சில் குடித்தா.

புருசன் எப்போதோ ஓய்வுபெற்றுவிட்டார். இனி அங்கே யாரும் கேட்கப்போவதில்லை. இங்கே லாசாலில் அவவை யாருக்குத் தெரியும்? பிறகு ஏன் என்று மெய்லினிடம் கேட்டேன்.

"அவவுக்கு இனி வேறை மாதிரி வராது, மாமி" என்றாள்.

இன்று காலை தாயும் சின்னம்மாவும் சீனாவுக்குப் புறப்பட்டார்கள். மெய்லின் வளர்த்தவவைக் கட்டிப்பிடித்து அனுப்பினாள். சின்னம்மா நின்ற பக்கம் போகவே இல்லை.

அக்கா, ஜெயனி உயிரோடு இருக்கவேண்டும். நீங்கள் செய்ததில் நான் குறை சொல்லவில்லை. ஆனால் எப்படியாவது ஒருமுறை கொழும்புக்குப் போங்கள். கதவைப் பூட்டிவிட்டாவது அவள் உங்களை 'அம்மா' என்று கூப்பிட விடுங்கள். அவள் கூப்பிட்டால், உடனே 'ஓம் பிள்ளை' என்று சொல்லுங்கள்.

அக்னெஸ்