சிவம் அண்ணையின் கவரில் நான் எழுதியது

பதினெட்டு வருடம் என் பக்கத்தில் நின்று தட்டுக் கழுவிய சிவம் அண்ணைக்கு,

எங்கே இருந்தாலும் கொஞ்சம் இருந்து இதைக் கேளுங்கள். நீங்கள் போய் இரண்டு வருடமாகிறது. பேர்ண் ஆஸ்பத்திரிக் குசினியில் உங்கள் இடத்தில் இப்போது எரித்திரியாக்காரப் பெண் ஒருத்தி நிற்கிறாள். நல்ல பிள்ளை, வேலைக்காரி. ஆனால் ஓடுகிற பட்டியில் தட்டுகள் தேங்கத் தொடங்கினால் "யூட், வருது, வருது!" என்று என்னைக் கூப்பிடுகிற உங்கள் குரல்தான் கேட்கிறது. திரும்பிப் பார்த்துவிடுகிறேன். அவள் என்ன என்று கேட்கிறாள். நான் என்னத்தைச் சொல்ல?

குரலோடு நின்றாலும் பரவாயில்லை. வருடத்தில் நாலு தரம் தபால்பெட்டியில் அந்தச் சாம்பல் நிறக் கவர் விழுகிறதே, அதுதான் என்னைக் கொல்கிறது. வாக்குச்சீட்டுக் கவர். உங்கள் பெயருக்கு வருவது நின்றுவிட்டது. என் பெயருக்கு வருவதைத் திறக்கும்போதெல்லாம் உங்கள் வீட்டு மேசையும், அதில் கிடந்த உங்கள் மூக்குக்கண்ணாடியும் கண்ணுக்குள் வந்து நிற்கின்றன.

நம் சனத்தின் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? குசினியில் கதைக்கிற டொச் மொழி எல்லாருக்கும் வரும். அரசாங்கக் கடிதத்து டொச் என்றால் பேனையைக் கீழே வைத்துவிடுவார்கள். வாசிக்கத் தெரிந்த ஒருவன் நாலு வீட்டுக் கவரையும் நிரப்புவான், மற்றவர்கள் கையொப்பம் வைப்பார்கள். உங்கள் வீட்டுக்கு அந்த ஒருவன் நான். கவர் வந்தால் கமலா அக்கா போன் எடுப்பார். "தம்பி, கவர் வந்திட்டுது. வாங்கோ, தேத்தண்ணி வைக்கிறன்."

நீங்கள் யாழ்ப்பாணத்துச் சைவம், நான் மன்னார்க் கத்தோலிக்கன். ஆவணியில் கறுப்பு மாதா கோயிலுக்கு என் காரில்தான் வருவீர்கள். நெற்றியில் திருநீறு, கையில் என்னுடையதைவிடப் பெரிய மெழுகுதிரி. "உங்களுக்கு ஏன் அண்ணை இந்த வேலை?" என்று நக்கலடித்தால், "போடா! நான் மடு மாதா கோயிலுக்கு நடந்துபோன ஆள். மாதா எண்டைக்கு என்னட்டை ஞானஸ்நானச் சீட்டுக் கேட்டவ?" என்பீர்கள்.

நீங்கள் போவதற்கு முந்தின ஐப்பசியில்தான் எங்கள் சிறுநகரத்தில் அந்த வாக்கெடுப்பு வந்தது. ஆரே ஆற்றங்கரையில் நகரசபைக் காணியில் நாலு படியும் ஒரு சின்னக் கூரையும் வேண்டும், எங்கள் சாம்பலைக் கரைத்துக் கிரியை செய்ய என்று சைவச் சனம் கேட்டிருந்தது. எங்கள் செபக்கூட்டத்தை நடத்துகிற பற்றிக் அண்ணை ஒரு சின்னக் கிறிஸ்தவக் கட்சியின் பட்டியலில் நகரசபைக்கு நின்ற நேரம். வெள்ளைக்காரரோடு சேர்ந்து நின்று துண்டுப்பிரசுரம் கொடுத்தார். எங்களிடம் தமிழில் சொன்னார்.

"இது கிறிஸ்தவ நாடு. இந்த ஆத்திலை விக்கிரக வேலையை விடேலாது. எங்கட கையால போற கவர் எல்லாத்திலையும் வேண்டாம், நைன் எண்டுதான் இருக்கவேணும்."

நானும் ஆமென் சொன்னேன். முப்பது வருடத்துக்கு முன் அகதி முகாமில் ஒரு ஐயரின் கையால் சோறு வாங்கித் தின்ற மனுசன் அவர் என்பது அப்போது என் நினைவுக்கு வரவில்லை. என்னோடு ஒரே வரிசையில் நின்றுதான் தின்றார்.

சாட்டுச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். அந்தக் கிழமைதான் என் மனுசி றீற்றாவின் மார்புக் கட்டிக்குச் சோதனை முடிவு வந்தது. பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். அதற்காகச் செபக்கூட்டம் ஒன்பது நாள் உபவாசம் இருந்தது. பற்றிக் அண்ணை என் தோளில் கையைப் போட்டு, "ஆண்டவர் உனக்குச் செய்திட்டார். இனி நீ அவருக்குச் செய்யவேணும்" என்றார். செய்யாவிட்டால் கட்டி திரும்பி வந்துவிடுமோ? கடவுளைப் பற்றி அப்படி ஒரு எண்ணம் எனக்குள் எப்போது புகுந்தது என்று தெரியவில்லை.

உங்கள் மேசையில் மூன்று கேள்விகளுக்கு மூன்று சீட்டுகள் கிடந்தன. "ஆத்தங்கரைக்கு மட்டும் ஓம் எண்டு போடு. மற்றதெல்லாம் உன்ர விருப்பம்" என்றீர்கள். நான் 'நைன்' என்று எழுதினேன். உங்களுக்கு முன்னால், உங்கள் பேனையால். உங்கள் மூக்குக்கண்ணாடி மேசையில்தான் இருந்தது. நீங்கள் அதைப் போடவில்லை. கவரை நாக்கால் ஈரமாக்கி ஒட்டிவிட்டு, "தேத்தண்ணி ஆறப்போகுது, குடி" என்றீர்கள்.

நான் எழுதியதைப் பார்த்தீர்களா அண்ணை? இதைத்தான் இரண்டு வருடமாக என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

வாக்கெடுப்பில் படியும் போனது, கூரையும் போனது. பற்றிக் அண்ணைக்கு நகரசபைக் கதிரை கிடைத்தது. சித்திரையில் நீங்கள் போய்விட்டீர்கள். நெஞ்சுவலி என்று சொல்லி ஒரு மணித்தியாலம் கூட இருக்கவில்லை.

முப்பத்தோராம் நாள், சாம்பல் கரைக்கிற அந்தியேட்டிக்கு ஆற்றங்கரைக்குப் போனோம். படியில்லாத சேற்றுக் கரை. ஐயர் ஒரு கல்லில் குந்தியிருந்தார், உங்கள் மகன் முழங்கால் தண்ணீரில் நின்றான். நாயோடு நடக்க வந்த யாரோ அறிவித்திருக்க வேண்டும். ஒரு பொலிஸ்காரர் வந்தார். மரியாதையான மனுசன், தொப்பியைக் கூடக் கழற்றினார். அவர் சொன்னதை மொழிபெயர்க்க எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். வேறு யார் இருக்கிறார்கள்?

"இங்கை கிரியை செய்ய ஏலாதாம் அக்கா. ஊர்ச்சனம் வாக்குப் போட்டு வேண்டாம் எண்டு சொல்லிட்டுதாம்."

என் வாயால்தான் சொன்னேன். கமலா அக்கா சாம்பல் செம்பை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எங்கட கவரிலை ஓம் எண்டுதானே தம்பி போட்டது?"

"ஓம் அக்கா."

அதைச் சொன்ன நாக்கு இன்னும் என் வாய்க்குள்தான் கிடக்கிறது. பாதிச் சாம்பல் ஆற்றில் போயிருந்தது. மீதியை அக்கா சேலைத் தலைப்பால் மூடி வீட்டுக்குக் கொண்டுபோனார்.

அன்று ஐயரைப் பேர்ண் கோயிலில் இறக்கிவிடப் போனேன். வாசலில் ஆர் நிற்கிறார் என்று நினைக்கிறீர்கள்? பற்றிக் அண்ணை! கையில் மகளின் சாதகக் குறிப்பு. ஐயரிடம் பொருத்தம் பார்க்க வந்திருக்கிறார். என்னைக் கண்டதும் முகம் வெளிறிவிட்டது. "வீட்டுக்காரி விடுறாளில்லையடா. இதெல்லாம் சும்மா ஒரு மனத்திருப்திக்கு. ஒருத்தருக்கும் கதைச்சுப்போடாதை" என்றார். படிக்கிறது தேவாரம், இடிக்கிறது சிவன் கோயில் என்று நீங்கள் சொல்வீர்களே, அதை அப்படியே திருப்பிப் போட்ட மாதிரி. சிரிப்பு வந்தது அண்ணை. ஆனால் என் காற்சட்டைக் காலில் அந்தச் சேறு காய்ந்துகொண்டிருந்தது. அவர் ஊரை ஏய்த்தார். நான் எனக்குத் தேத்தண்ணி தந்த மனுசனை ஏய்த்தேன். இதில் யாரைப் பார்த்து யார் சிரிக்கிறது?

செபக்கூட்டத்துக்குப் போவதை விட்டேன். பூசைக்குப் போகிறேன், மாதாவிடமும் போகிறேன். மெழுகுதிரி கொளுத்தும்போது பக்கத்தில் பெரிய திரியோடு நீங்கள் நிற்பது போலவே இருக்கிறது. மாதாவின் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்கு முடிவதில்லை.

இனி இன்றைய செய்தி. படிக்கட்டு வாக்கெடுப்பு மறுபடி வந்திருக்கிறது. போன கிழமை கமலா அக்கா போன் எடுத்தார். "தம்பி, கவர் வந்திட்டுது. வாங்கோ." இரண்டு வருடமாக வேலை, தடிமன் காய்ச்சல் என்று சாட்டுச் சொல்லித் தப்பிய நான் இந்த முறை போனேன். அதே மேசை. பேனையைத் தொடுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். றீற்றாவின் கட்டி, என் பயம், நைன், ஆற்றங்கரையில் சொன்ன பொய், எல்லாம்.

அக்கா எழும்பிப் போய் ஏற்கெனவே கழுவியிருந்த கோப்பையைத் திரும்பக் கழுவினார். பிறகு முதுகைக் காட்டிக்கொண்டே கதைத்தார்.

"அவருக்குத் தெரியும்."

நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன்.

"நீங்கள் போனாப் பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கவரை யன்னல் வெளிச்சத்திலை பிடிச்சுப் பாத்தவர். கிழிச்சுப்போட்டு வேறை எழுதுங்கோவன் எண்டு நான் சொன்னனான். 'அவன்ர எழுத்தை நான் வெட்டினால் நாளைக்கு எப்பிடி அவனுக்குப் பக்கத்திலை நிண்டு தட்டுக் கழுவுறது? பாவம், அவனுக்கு என்ன பயமோ' எண்டு சொல்லிப்போட்டு, தானே கொண்டுபோய்ப் பெட்டியிலை போட்டவர். ஆத்தடியிலை நான் உங்களைக் கேட்டது தெரியாமல் இல்லை. நீங்கள் சொல்லுவியளோ எண்டுதான் கேட்டனான்."

கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் திரும்பினார். கண் சிவந்திருந்தது.

"அவருக்குத்தான் கோவம் இல்லை. எனக்கு இருக்குது தம்பி. இப்ப வாசியுங்கோ. எழுதுறது நான்."

வாசித்தேன். நான் ஒரு தாளில் ஓமுக்கு 'யா' என்று எழுதிக் காட்ட, அக்கா அதைப் பார்த்துப் பார்த்துத் தன் சீட்டில் எழுதினார். எழுத்து சரிந்துதான் போயிருந்தது. ஒட்டுமுன் கவரை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என் கவரையும் வாங்கிப் பார்த்தார். என்னால் அவரைப் பார்க்க முடியவில்லை.

நீங்கள் அடுத்த நாளும் வேலைக்கு வந்தீர்கள் அண்ணை. "யூட், வருது, வருது" என்று வழக்கம் போலக் கூப்பிட்டீர்கள். எனக்கு ஒரு தட்டுக் கூடப் பிந்தாமல் தந்தீர்கள். அந்த நாளை எத்தனையோ தரம் நினைத்துப் பார்க்கிறேன். உங்கள் முகத்தில் ஒன்றும் இருந்ததாக ஞாபகமில்லை. ஏன் ஒரு தரம் ஏசியிருக்கக் கூடாது?

ஞாயிறு முடிவு தெரியும். மிச்சச் சாம்பல் பல்கனி அலுமாரியில் செம்போடு இருக்கிறது. 'யா' என்று வந்தால், படி கட்டி முடிகிற நாளில் உங்கள் மகனுக்குப் பின்னால் நானும் தண்ணீரில் இறங்கி நிற்பேன். 'நைன்' என்று வந்தால் இன்னொரு வாக்கெடுப்புக் கேட்கக் கையொப்பத் தாளைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவேன். முதல் தட்டுவது பற்றிக் அண்ணையின் கதவு. இனி யாருடைய கவர் என்றாலும் வாசித்துக் காட்டுவேன், பேனையைத் தொடமாட்டேன். இது மாதா மேல் ஆணையில்லை, உங்கள் மேல்.

நீங்கள் ஏசாமல் விட்ட தம்பி,
யூட்